பேட்டரியை ஒழித்த கதை: மேசை பவர் சப்ளையின் நூறு ஆண்டுகள்

பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்தவர்களுக்கு ‘பேட்டரி எலிமினேட்டர்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு டெர்மினல்கள். நடுவில் 2, 4, 6 என்று வோல்ட் எண்கள் போட்ட ஒரு திருகு. ஓம் விதியைச் சோதிப்பது முதல் டயோடு வரைபடம் போடுவது வரை எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுப்போம்.

எலிமினேட்டர் என்றால் ஒழிப்பான். ஒரு கருவிக்கு ‘பேட்டரி ஒழிப்பான்’ என்று ஏன் பெயர் வைத்தார்கள்? பேட்டரி அப்படி என்ன பாவம் செய்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிற ஒவ்வொருவரும் ஒருநாள் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் அந்த ‘அட்ஜஸ்டபிள் பவர் சப்ளை’யின் முழு வரலாறும் வெளியே வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் புரிந்துவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், பேட்டரியை ஒழித்தபோது அதன் நல்ல குணங்களையும் சேர்த்தே ஒழித்துவிட்டோம். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றதுதான் இந்த நூறு ஆண்டுக் கதை.

பேட்டரி என்ற தொல்லை

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வானொலி ஒரு காட்டுத்தீ போலப் பரவியது. அப்போதைய வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் ஆனவை. வால்வுக்கு ஒரு வகை மின்சாரம் போதாது. உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி. இதை ‘ஏ’ பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி, கார் பேட்டரி மாதிரி. வால்வின் தட்டுக்கு 45 அல்லது 90 வோல்ட் தர ‘பி’ பேட்டரி. கிரிட்டுக்கு ஒரு சின்ன ‘சி’ பேட்டரி. ஆக, ஒரு வானொலிக்கு மூன்று வகை பேட்டரிகள்!

‘ஏ’ பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். அதன் அமிலம் வரவேற்பறைக் கம்பளத்தில் சிந்தி ஓட்டை போடும். ‘பி’ பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். அது விலை அதிகம். இத்தனைக்கும் அந்த வீட்டுச் சுவரிலேயே மின்விளக்குக்காக மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஆனால் அது மாறுதிசை மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். சுவரில் இருப்பதை வானொலிக்கு ஏற்றதாக மாற்றித் தருபவனுக்குப் பெரிய சந்தை காத்திருந்தது.

ஒழிப்பான்கள் வருகின்றன

அந்தச் சந்தையைப் பிடிக்க வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1922-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ‘அமெரிக்கன் அப்ளையன்ஸ் கம்பெனி’ என்று ஒன்று தொடங்கப்பட்டது. அவர்களுக்கு வெற்றி தந்தது, வாயு நிரப்பிய ஒரு அலைதிருத்திக் குழாய். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி ‘பி’ பேட்டரியின் வேலையைச் செய்ய அது உதவியது. 1925-ல் கம்பெனியின் பெயரையே மாற்றினார்கள். புதுப் பெயர் ரேதியான். ஆம், பின்னாளில் ஏவுகணைகளும் ரேடாரும் செய்து பெயர் பெற்ற அதே ரேதியான்தான்.

1928-ல் சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் திவாலான ஒரு பேட்டரி கம்பெனியின் எலிமினேட்டர் பிரிவை 750 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். ஐந்து ஊழியர்களோடு ‘கால்வின் மேனுஃபேக்சரிங்’ தொடங்கியது. முதல் தயாரிப்பு பேட்டரி எலிமினேட்டர். இரண்டு வருடம் கழித்து அவர்கள் செய்த கார் ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டோரோலா.

பிலடெல்ஃபியாவில் பேட்டரி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, தன் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்ததும் தானே எலிமினேட்டர் செய்யத் தொடங்கி, பிறகு வானொலியே செய்து பெரிய ஆளானது. அதுதான் ஃபில்கோ.

கனடாவில் எட்வர்ட் ராஜர்ஸ் என்ற இளைஞர் வேறு வழியில் போனார். தனியாக ஒரு எலிமினேட்டர் பெட்டி எதற்கு, வானொலியையே நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடும்படி செய்தால் என்ன என்று கேட்டார். 1925-ல் பேட்டரி இல்லாத வானொலியை டொராண்டோவில் காட்சிக்கு வைத்தார். 1927-ல் அவர் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர் சி.எஃப்.ஆர்.பி. அதில் கடைசி எழுத்து ‘பேட்டரிலெஸ்’ என்பதைக் குறிக்கிறது!

ராஜர்ஸ் காட்டிய வழிதான் வென்றது. 1930களில் வானொலிகள் பெரும்பாலும் நேராகச் சுவரில் செருகப்பட்டன. எலிமினேட்டர் என்ற தனிப் பெட்டிக்கு அங்கே வேலை போய்விட்டது. நம் நாட்டில் அந்தப் பெயர் பிழைத்துக்கொண்டது. டிரான்சிஸ்டர் ரேடியோவின் டார்ச் செல்லுக்குப் பதிலாகச் செருகும் சிறு பெட்டிக்கும், ஆய்வகப் பெட்டிக்கும் இன்றும் அதே 1920களின் பெயர்தான்.

ஒழித்தபோது இழந்தவை

சரி, பேட்டரியை ஒழித்தாயிற்று. இப்போது அதன் நல்ல குணங்களை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, அமைதி. பேட்டரி தரும் மின்னழுத்தத்தில் சத்தமே கிடையாது, நேர்கோடு. இரண்டாவது, நிலைத்தன்மை. புது பேட்டரியில் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி எடுத்தாலும் வோல்ட் பெரிதாக விழாது. மூன்றாவது, பொறுமை. டார்ச் செல்லின் இரண்டு முனைகளையும் தெரியாமல் சேர்த்துவிட்டால் செல் சூடாகும். அதன் உள்மின்தடை மின்னோட்டத்தை ஓரளவுக்கு மேல் ஏற விடாது. தொட்டால் ஷாக்கும் அடிக்காது.

சுவர் மின்சாரத்துக்கு இந்த மூன்றும் கிடையாது.

நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒரு டிரான்ஸ்ஃபார்மரால் குறைத்து, நான்கு டயோடுகளால் திருத்தினால் கிடைப்பது நேர்கோடு அல்ல. விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மேடுகள். இதை அப்படியே ஒரு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் ‘ஹம்ம்ம்...’ என்று ஒரு இரைச்சல் கேட்கும். மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தை நிரப்ப ஒரு பெரிய மின்தேக்கி வேண்டும். மேடு வரும்போது அது நிரம்பிக்கொள்ளும். பள்ளத்தில் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும்.

ஆனால் முழுதாக நிரப்பாது. 4700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றிலிருந்து 1 ஆம்பியர் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் வோல்ட் இறங்கும் அளவு = மின்னோட்டம் × நேரம் ÷ மின்தேக்கியின் அளவு. அதாவது சுமார் 2.1 வோல்ட். இதைத்தான் ரிப்பிள் என்கிறோம். பேட்டரியின் முதல் குணமான அமைதியை மின்தேக்கி பாதிதான் மீட்டுத் தருகிறது.

இரண்டாவது குணமோ இன்னும் மோசம். மின்னோட்டத்தைக் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட் இறங்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் சுவர் மின்சாரமே இறங்கும். எது இறங்கினாலும் நம் வெளியீடும் கூடவே ஆடும்.

ஆடாத வோல்ட்டைத் தேடி

எதுவும் ஆடாமல் இருக்க வேண்டுமானால், முதலில் ஆடாத ஒரு அளவுகோல் வேண்டும். துணிக்கடையில் முழக்கோல் மாதிரி.

வால்வு காலத்தில் அதற்குக் கிடைத்தது வாயுக் குழாய். குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ந்தால் அது ஒளிரும். ஒளிரும்போது அதன் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ட் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். வி.ஆர்.105, வி.ஆர்.150 என்றெல்லாம் விற்றார்கள். பெயரில் இருக்கும் எண்ணே வோல்ட். பழைய ஆய்வகக் கருவிகளைத் திறந்தால் உள்ளே நிறம் காட்டி ஒளிரும் குழாய் இதுதான்.

அளவுகோல் கிடைத்துவிட்டது. இனி வெளியீட்டை அதோடு ஒப்பிட்டு, குறைந்தால் கூட்டவும் கூடினால் குறைக்கவும் ஆள் வேண்டும். அந்த யோசனைக்கும் ஒரு கதை உண்டு. 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளர் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசி ஆம்ப்ளிஃபயர்களின் திரிபை எப்படிக் குறைப்பது என்பது அவருடைய பல வருடத் தலைவலி. வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்கே திருப்பி விட்டால் பிழை தன்னைத்தானே அடித்துக்கொள்ளுமே என்று படகில் தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஒரு பக்கத்திலேயே எழுதி வைத்தார். அதுதான் எதிர்ப் பின்னூட்டம், நெகட்டிவ் ஃபீட்பேக். அவர் தேடியது தொலைபேசிக்காக. ஆனால் இன்றைய வோல்டேஜ் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை அந்த யோசனையில்தான் ஓடுகின்றன.

1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வுக்கு ஏற்ற 150 வோல்ட் அளவுகோல் 9 வோல்ட்டில் ஓடும் டிரான்சிஸ்டருக்கு எதற்கு? சின்ன அளவுகோல் வேண்டும். 1950களில் ஜீனர் டயோடு சந்தைக்கு வந்தது. பள்ளிப் பாடத்தில் படிக்கும் அதே ஜீனர். இதில் ஒரு வேடிக்கை. கிளாரன்ஸ் ஜீனர் டயோடு செய்தவரே அல்ல, கோட்பாட்டு இயற்பியலாளர். 1934-ல் மின்காப்புப் பொருள்கள் உயர் மின்புலத்தில் எப்படி உடைகின்றன என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார், அவ்வளவுதான். பெல் லேப்ஸின் ஷாக்லி, தாங்கள் பார்த்த விளைவுக்கு அவர் பெயரை வைத்தார். அதிலும் பாருங்கள், சுமார் 5 முதல் 6 வோல்ட்டுக்கு மேலான ‘ஜீனர்’ டயோடுகளில் நடப்பது பெரும்பாலும் ஜீனர் விளைவே அல்ல; அவலாஞ்ச் எனப்படும் சரிவு விளைவு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பெயர் ஜீனர்தான்!

ஒரு ஜீனர், அதை ஒப்பிட ஒரு டிரான்சிஸ்டர், மின்னோட்டத்தைச் சுமக்க ஒரு பெரிய டிரான்சிஸ்டர். 1960களின் ரெகுலேட்டர் இவ்வளவுதான். சுமக்கும் வேலைக்கு ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களில் கொண்டுவந்த 2என்3055 உலகம் முழுவதும் பிடித்துப்போனது. இரும்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் அந்த உலோக டிரான்சிஸ்டர் 15 ஆம்பியர், 60 வோல்ட் தாங்கும். தேவையான குளிர்ச்சி கொடுத்தால் 115 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அறுபது ஆண்டு ஆகியும் கடையில் பெயர் சொன்னால் எடுத்துத் தருகிறார்கள்.

ஒரு சிப்புக்குள் எல்லாம்

அடுத்த படி, இந்த எல்லாவற்றையும் ஒரு சிப்புக்குள் அடைப்பது. இங்கே வருபவர் பாப் விட்லர். குடி, கோபம், குறும்பு, மேதைமை நான்கும் கலந்த மனிதர். ஃபேர்சைல்டில் முதல் ஆப்-ஆம்ப் சிப்புகளை வடிவமைத்துவிட்டு நேஷனல் செமிகண்டக்டருக்கு வந்து, 1960களின் பிற்பகுதியில் எல்.எம்.100 என்ற ரெகுலேட்டர் சிப்பைச் செய்தார். ஃபேர்சைல்டு நிறுவனமோ 723 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. 2 முதல் 37 வோல்ட் வரை. தனியாக 150 மில்லி ஆம்பியர். வெளியே ஒரு 2என்3055 சேர்த்தால் பல ஆம்பியர். இந்த 723-ம் 3055-ம் ஜோடி போட்ட சர்க்யூட்டைப் போடாத எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அந்தக் காலத்தில் அரிது.

அதன் பிறகு விட்லர் செய்தது எல்.எம்.109. மூன்றே கால்கள்: உள்ளே, வெளியே, பூமி. 5 வோல்ட், 1 ஆம்பியர். ஜீனருக்குப் பதிலாக சிலிக்கானின் இயல்பிலிருந்தே சுமார் 1.2 வோல்ட் அளவுகோலை எடுக்கும் ‘பேண்ட்கேப்’ முறையை இதில் பயன்படுத்தினார். சூடு ஏறினால் தானே அணைந்துகொள்ளும். மின்னோட்டம் மீறினால் தானே பிடித்துக்கொள்ளும். பேட்டரியின் பொறுமை முதல்முறையாக ஒரு சிப்புக்குள் வந்தது.

ஆனால் 5 வோல்ட் மட்டும். பழகுகிறவனுக்கு இன்று 3, நாளை 9, மறுநாள் 12 வேண்டுமே?

அதற்கு விடை 1976-ல் வந்தது. நேஷனல் செமிகண்டக்டரில் பாப் டாப்கின் வடிவமைத்த எல்.எம்.317. இதற்கும் மூன்றே கால்கள், ஆனால் பூமிக்கு ஒரு காலும் இல்லை. வெளியீட்டுக் காலுக்கும் ‘அட்ஜஸ்ட்’ காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அதன் ஒரே வேலை. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மின்தடை, அட்ஜஸ்ட் காலிலிருந்து பூமிக்கு இன்னொரு மின்தடை. அவ்வளவுதான்.

வெளியீடு = 1.25 × (1 + இரண்டாம் மின்தடை ÷ முதல் மின்தடை)

இரண்டாவதை ஒரு பொட்டென்ஷியோமீட்டராக வைத்தால், திருகத் திருக 1.25 வோல்ட்டிலிருந்து 37 வோல்ட் வரை வரும். கணக்கு தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவன் கூட வடிவமைக்கலாம். வீட்டில் செய்த பவர் சப்ளை என்றால் முதலில் இந்த சிப் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது திருகு

தொழில்முறை ஆய்வகங்களில் இருக்கும் பவர் சப்ளையைப் பார்த்தால் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று வோல்ட். மற்றது மின்னோட்டம். என் கருத்தில் இந்த முழு வரலாற்றிலும் முக்கியமானது அந்த இரண்டாவது திருகுதான்.

நியூ ஜெர்சியில் இருந்த ஹாரிசன் லேபரட்டரீஸ் இந்த வகை கருவிகளுக்குப் பெயர் பெற்றது. 1960களின் தொடக்கத்தில் அதை ஹியூலெட்-பேக்கார்ட் வாங்கிக்கொண்டது. உள்ளே நடப்பது எளிமையானது. ஒரே குழாய்க்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வோல்ட்டைப் பார்க்கிறார், மற்றவர் மின்னோட்டத்தைப் பார்க்கிறார். இருவரில் யார் ‘குறை’ என்கிறாரோ அவர் பேச்சுதான் எடுபடும். சர்க்யூட் சாதாரணமாக ஓடும்போது வோல்ட்காரர் கையில் அதிகாரம். ஏதாவது ஷார்ட் ஆகி மின்னோட்டம் நாம் வைத்த எல்லையைத் தொட்டதும் அதிகாரம் மின்னோட்டக்காரர் கைக்கு மாறும், வோல்ட் விழும், எதுவும் எரியாது.

இதனால் என்ன லாபம்? புதிதாக ஒரு சர்க்யூட் செய்திருக்கிறீர்கள். அது 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்க வேண்டும். எல்லையை 50-ல் வைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஐ.சி.யைத் தலைகீழாகச் செருகியிருந்தால் கூட அது பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மீட்டரைப் பார்த்து ‘எங்கோ தப்பு’ என்று தெரிந்துகொள்ளலாம். எல்லை இல்லாத சப்ளையாக இருந்தால் ஒரு புகை, ஒரு நாற்றம், பாக்கெட் மணி காலி. அதோடு சிலருக்கு ஆர்வமும் காலி. கற்றுக்கொள்பவனுக்குத் தப்பின் விலை குறைவாக இருக்க வேண்டும். டார்ச் செல்லின் பொறுமையை மீட்டு, அதை நம் இஷ்டப்படி வைக்கும் அளவுக்கு முன்னேற்றியது இந்தத் திருகு.

வீட்டு மேசைக்கு வந்த வழி

இந்தக் கருவிகள் ஆய்வகத்துக்கு உரியவை, விலையும் அப்படி. சாதாரண ஆட்களின் மேசைக்கு அவற்றைக் கொண்டுவந்ததில் மிச்சிகனின் ஹீத் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த உபரி பாகங்களை வைத்து 1947-ல் ஒரு ஆசிலோஸ்கோப் கிட்டை 39.50 டாலருக்கு விற்றார்கள். பாகங்களும் படிப்படியான குறிப்பும் பெட்டியில் வரும். நாமே சால்டர் செய்துகொள்ள வேண்டும். இந்த ‘ஹீத்கிட்’ வரிசையில் பவர் சப்ளைகளும் வந்தன. அவற்றில் ஐ.பி.28 என்ற மாடல் 1 முதல் 30 வோல்ட், 1 ஆம்பியர், மின்னோட்ட எல்லையுடன். பல ஆயிரம் பேருடைய முதல் மேசைக் கருவி ஹீத்கிட்தான். 1992-ல் அந்தக் கிட் வியாபாரம் நின்றது.

நம் பக்கம் கிட் கலாசாரம் அந்த அளவுக்கு இல்லை. இங்கே வழி வேறு: பத்திரிகையில் சர்க்யூட் படம், கடைத் தெருவில் பாகங்கள். டெல்லியிலிருந்து 1969 முதல் வரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் நம் ஊர் ஹீத்கிட். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கடை, டயோடு ஒரு கடை, பெட்டி இன்னொரு கடை. கவனம், 2என்3055 போன்ற பிரபலமான பாகங்களில் போலி நிறைய உண்டு. தொப்பி பெரிதாக இருக்கும், உள்ளே சிலிக்கான் துணுக்கு சின்னதாக இருக்கும்!

நாமே வடிவமைத்தால்

வரலாறு தெரிந்துவிட்டால் வடிவமைப்பு எளிது. 1 ஆம்பியர் தரும் ஒரு சப்ளை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

18 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கிறோம். 18 என்பது சராசரி போன்ற ஒரு அளவு. உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, சுமார் 25.4 வோல்ட். இரண்டு டயோடுகளில் 1.4 வோல்ட் போய், மின்தேக்கியில் 24. ‘அப்படியானால் 25 வோல்ட் மின்தேக்கி போதுமே’ என்று தோன்றும். போதாது. சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகத் தரும். நம் ஊரில் 230 சில சமயம் 250 ஆகும். இரண்டும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டலாம். 35 வோல்ட் மின்தேக்கிதான் குறைந்தபட்சம். 50 என்றால் நிம்மதி.

முன்பே பார்த்த ரிப்பிள் 2.1 வோல்ட் போனால், பள்ளத்தில் சுமார் 22. எல்.எம்.317 வேலை செய்யத் தலைக்கு மேல் ஏறக்குறைய 3 வோல்ட் கேட்கும். ஆகவே நம்பி எடுக்கக்கூடிய உச்ச வெளியீடு சுமார் 18 வோல்ட். 24 இருக்கிறதே என்று 24-ஐ எதிர்பார்ப்பவர்களுக்கு 100 ஹெர்ட்ஸ் ‘ஹம்’தான் கிடைக்கும்.

இப்போது எதிர்ப்பக்கம். வெளியீட்டை 3 வோல்ட்டில் வைத்து 1 ஆம்பியர் எடுத்தால்? சுமார் 23 வோல்ட் உள்ளே, 3 வெளியே. மீதி 20 வோல்ட், 1 ஆம்பியரில் 20 வாட் வெப்பம். பயனுள்ள வேலைக்கு 3 வாட், சூடாக்க 20 வாட்! எல்.எம்.317-ன் சின்ன பிளாஸ்டிக் உடம்பால் இதைத் தாங்க முடியாது. அதன் உள்காவலன் அணைத்துவிடும். ‘குறைந்த வோல்ட்டில்தானே ஓட்டுகிறேன், ஏன் இவ்வளவு சூடு?’ என்று பலர் குழம்புவது இங்கேதான். வழி, சுமையை ஒரு 2என்3055-க்கு மாற்றிப் பெரிய ஹீட் சிங்க்கில் பொருத்துவது. 723 காலத்தில் செய்த அதே தந்திரம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சுமை வெளியே போய்விட்டால் 317-க்குள் இருக்கும் காவலன் அந்த வெளி டிரான்சிஸ்டரைக் காக்க மாட்டான். அதற்கு நாம்தான் எல்லை வைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 317 சர்க்யூட் படங்களில் முதல் மின்தடை பெரும்பாலும் 240 ஓம் என்றே இருக்கும். அது விலை கூடிய அண்ணன் எல்.எம்.117-க்குப் பொருந்தும் மதிப்பு. 317-க்கு வெளியீடு ஏறாமல் நிற்க 10 மில்லி ஆம்பியர் வரை குறைந்தபட்ச சுமை தேவைப்படலாம் என்று தகவல் தாளே சொல்கிறது. 240 ஓம் 5-தான் எடுக்கும். சுமை இல்லாதபோது வோல்ட் தானாக ஏறினால் காரணம் இதுவாக இருக்கலாம். 120 ஓம் போட்டால் கவலை இல்லை.

மின்னோட்ட எல்லைக்கு எளிய வழி, பாதையில் ஒரு சின்ன மின்தடை. அதில் 0.6 வோல்ட் விழும்போது ஒரு சிறு டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு பெரியதை அடக்கும். 0.6 ஓம் என்றால் 1 ஆம்பியரில் பிடிக்கும். இது நிலையான எல்லை. திருகி மாற்ற வேண்டுமானால் ஒரு ஆப்-ஆம்ப் சேர்க்க வேண்டும். சேர்ப்பது நல்லது.

இன்று இதைச் செய்ய வேண்டுமா?

மேலே பார்த்த 20 வாட் விரயத்தை ஸ்விட்சிங் முறை தீர்த்துவிட்டது. 1977-ல் வந்த ஆப்பிள்-2 கணினிக்காக ராட் ஹோல்ட் செய்த ஸ்விட்சிங் சப்ளை அந்த முறையை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது. 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். தரம் அதைப் பொதுவாக்கியது. பழைய கம்ப்யூட்டரின் சப்ளையைக் கழற்றி, பச்சை ஒயரை கறுப்போடு சேர்த்து மேசை சப்ளையாக ஓட்டுவது 2000களில் உலகமெங்கும் பரவிய வித்தை. செலவு இல்லை, 3.3, 5, 12 வோல்ட் தயார். ஆனால் அதற்கு இரண்டாவது திருகு கிடையாது. 5 வோல்ட் கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது அது. உங்கள் சர்க்யூட்டில் ஷார்ட் என்றால் ஒயரே பழுக்கக்கூடும். பேட்டரியிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது வோல்ட், மின்னோட்டம் இரண்டையும் திருகக்கூடிய சின்னச் சின்ன சீன மாட்யூல்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. எல்.எம்.317-ஐச் செய்த டாப்கினே, பிறகு தான் இணைந்து தொடங்கிய லீனியர் டெக்னாலஜியில், 2007-ல் எல்.டி.3080 என்ற சிப்பைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு மின்தடையால் பூஜ்யம் வோல்ட் வரை இறங்கும் அது, 317-ன் 1.25 வோல்ட் தடையையும் உடைத்தது.

ஆகவே ‘வாங்குவதை விட மலிவு’ என்பதற்காக இன்று யாரும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், அலைதிருத்தி, மின்தேக்கி, அளவுகோல், பின்னூட்டம், வெப்பம் என்று எலெக்ட்ரானிக்ஸின் பாதிப் பாடம் இந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. செய்து முடித்த பிறகு அது அலமாரிக்குப் போகாது. அடுத்து செய்யும் ஒவ்வொன்றுக்கும் அதுதான் சோறு போடும்.

முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு யோசனை. 230 வோல்ட்டைத் தொடாமலே தொடங்குங்கள். பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்று, 19 வோல்ட், கிடைத்தால் போதும்; ஆபத்தான பகுதி முழுவதும் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். அதன் பின்னால் ஒரு எல்.எம்.317, ஒரு மின்னோட்ட எல்லை, ஒரு ஹீட் சிங்க் வைத்தால் சுமார் 16 வோல்ட் வரை கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மரோடுதான் செய்வேன் என்பவர்கள் ஃபியூஸ் வையுங்கள், உலோகப் பெட்டியை எர்த் செய்யுங்கள், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறை ஸ்விட்ச் போடுங்கள்.

திருகு ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது என்றால்? வோல்ட்டை 5-ல் நிலையாக வைத்துவிட்டு, மின்னோட்டத்துக்குத் திருகு வையுங்கள் என்பேன் நான். வோல்ட் மாறாவிட்டால் சில சர்க்யூட்டுகளை மட்டும்தான் செய்ய முடியாது. எல்லை இல்லாவிட்டால் தப்பு செய்யவே பயம் வந்துவிடும். அந்தப் பயம் வந்தபிறகு கற்றுக்கொள்வது கஷ்டம்.